வெள்ளியும் சனியும் நின்றுபோன திரை

ஃப்ளோரா ஞானதாஸைப் பார்த்து “தப்பு உங்க மேலதான்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் சாந்தோமில் யாரும் இல்லை. கோயில் கமிட்டியில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். ரேஷன் கடையில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேருமே அதற்குப் பிறகு அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். தப்பு தன்மேல் இருந்தால் அவளே முதல் ஆளாக ஒப்புக்கொள்வாள். இல்லாத தப்பைத் தலையில் கட்டினால்தான் விடமாட்டாள்.

வயது ஐம்பத்தாறு. கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில், ஆறு வீடுகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடத்தில், முதல் மாடி வீடு அவளுடையது. தலைமையாசிரியராக இருந்த அப்பா வாங்கிப் போட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட அத்தைமார்களிடம் “வந்தவன் எவனும் எனக்குச் சரிப்படல” என்று முப்பத்தைந்து வயது வரை சொல்லிக்கொண்டிருந்தாள்; பிறகு கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் முடித்து, பள்ளிக்கூட ஆபீசில் பத்து வருடம் இருந்துவிட்டு, 2002-இல் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் சேர்ந்தாள்.

அது என்ன வேலை என்று அந்தச் சந்தில் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கண்டோம், என்ன மருந்து கொடுத்தோம் என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டு ஒரு சொல் பிசகாமல் எழுத்தில் கொடுப்பதுதான் வேலை. மென்றுகொண்டே பேசுகிற டாக்டர், கார் ஓட்டிக்கொண்டே பேசுகிற டாக்டர், பாதியில் கொட்டாவி விடுகிற டாக்டர் என்று எல்லாரையும் ஃப்ளோராவுக்குக் குரலாலேயே தெரியும். ஒருமுறை ஒருவர் அறுக்க வேண்டியது வலது சிறுநீரகம் என்று சொல்லிவிட்டார். பழைய அறிக்கைகள் நான்கிலும் இடது என்று இருந்தது. ஃப்ளோரா அந்த வரிக்குக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினாள். டாக்டர் சொன்னதை எழுதுவதுதான் நம் வேலை, அதிகப்பிரசங்கித்தனம் கூடாது என்று அன்றைய மேலாளர் கத்தினார். இரண்டு நாளில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. மேலாளர் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

பிறகு கணினியே கேட்டு எழுதக் கற்றுக்கொண்டது. கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிஞ்சியவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை, வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். கணினி எழுதியதில் உள்ள பிழைகளைத் திருத்த வேண்டும். இந்த ஜனவரியில் ஒரு புது விதி வந்தது. இனி எல்லாருக்கும் இரண்டு திரை. லேப்டாப்பில் கணினி எழுதிய அறிக்கை, பக்கத்தில் பெரிய மானிட்டரில் நோயாளியின் பழைய அறிக்கைகள். இரண்டையும் பெட்டியில் போட்டுக் கம்பெனியே அனுப்பிவைத்தது. இடது வலது பார்க்கிற ஃப்ளோராவுக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து இரண்டையும் வைத்து, மூன்று பின் பிளக்கைச் சுவரில் சொருகி, கேபிளால் இணைத்தாள்.

காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும். முதல் நாள் ஆறே முக்கால் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அதன் பிறகு மவுஸ் அம்பு நகரவில்லை. காதில் ஒரு டாக்டர் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்று சொல்ல ஆரம்பித்து ஹை, ஹை, ஹை என்று அங்கேயே நின்றார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துத் திரும்பப் போட்டபோது, அதுவரை திருத்தியிருந்த அறிக்கை போய்விட்டிருந்தது. மானிட்டரைக் கழற்றினால் லேப்டாப் சமர்த்தாக ஓடியது. மாட்டினால் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியவில்லை.

கம்பெனியின் உதவி எண்ணில் பேசியவள் ஷில்பா. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவள். பொறுமைசாலி, ஆனால் அவளுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை புகார் மூட வேண்டும் என்று கணக்கு இருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னாள். புதுக் கேபிள் வாங்கச் சொன்னாள். டிரைவர் என்ற ஒன்றைப் புதுப்பிக்கச் சொன்னாள். ஃப்ளோரா எல்லாவற்றையும் செய்தாள். கடைசியில் ஒரு நாள் பதினோரு மணிக்கு ஷில்பாவே அங்கிருந்தபடி லேப்டாப்பைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஓடியது.

“நான் பார்க்கும்போது நல்லாத்தானே மேம் இருக்கு” என்றாள் ஷில்பா.

“நீங்க காலைல ஏழு மணிக்குப் பாருங்க.”

“எனக்கு ஒன்பதரைக்குத்தான் மேம் ஷிஃப்ட்.”

அன்று மாலை மின்னஞ்சல் வந்தது. புகார் மூடப்பட்டது, காரணம்: யூசர் எரர். அதாவது மெஷினில் ஒன்றுமில்லை, பயன்படுத்துகிறவருக்குத்தான் தெரியவில்லை. இரண்டாவது புகாருக்கும் அதே இரண்டு சொல். ஜனவரி கடைசி வாரத்தில் மூன்றாவது புகாரைக் கொடுத்தபோது ஷில்பா தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னாள். மூன்று யூசர் எரர் சேர்ந்துவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஃப்ளோராவின் ஒப்பந்தம் பிப்ரவரி இருபத்தெட்டோடு முடிகிறது.

வேலை போனால் கஷ்டம்தான், ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? ஆனால் அதைவிட அந்த இரண்டு சொல்தான் அவளைத் தின்றது. இருபத்துச் சொச்சம் வருடமாக மற்றவர்கள் பிழையைத் திருத்தியே சாப்பிட்டவள், தன் பெயருக்குக் கீழே ஒரு பிழையை ஒட்டவைத்துக்கொண்டு வெளியே போவதா?

லேப்டாப்பையும் மானிட்டரையும் ஆட்டோவில் வைத்துத் தி. நகரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். நிற்கவே இல்லை. கடைக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டே, “வீட்ல சின்னப் பசங்க யாராவது இருந்தா அவங்கள மாட்டச் சொல்லுங்க ஆன்ட்டி” என்றார். அவருக்கு ஃப்ளோரா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து அடுத்த நாள் காலையில் மாட்டினாள், ஏழு அடிக்க ஐந்து நிமிடத்துக்கு நின்றது. ஆட்டோவில் திரும்பும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இப்போது அது உறுதியாயிற்று. கோளாறு மெஷினில் இல்லை, தன்னிடமும் இல்லை, இந்த வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்து, நிற்கிற நேரத்தை எல்லாம் சுருக்கெழுத்தில் குறிக்க ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது ஃபேன் ஓடியதா, சார்ஜர் மாட்டியிருந்ததா, எதையும் விடவில்லை. சார்ஜரைக் கழற்றி வெறும் பேட்டரியில் ஓட்டினாலும் நின்றது. இரண்டு வாரம் எழுதியதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. திங்கள் முதல் வியாழன் வரை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் ஒருமுறை நிற்கும், அவ்வளவுதான். வெள்ளியும் சனியும் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை மானிட்டரை மாட்டவே முடியாது. ஞாயிறு அவளுக்கு விடுமுறை.

இதை ஷில்பாவிடம் சொன்னாள்.

“மேம், லேப்டாப்புக்குக் கிழமை தெரியாது மேம்” என்றாள் ஷில்பா, பாவப்பட்டுக்கொண்டே.

தரைத்தளத்தில் குடியிருக்கும் அன்வரி பேகத்திடமும் சொன்னாள். அறுபது தாண்டியவர், ஃப்ளோராவுக்கு இருபது வருடப் பழக்கம். காலையில் துணி உலர்த்த வரும்போது படிக்கட்டில் இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசாமல் போகமாட்டார்கள்.

“வெள்ளிக்கிழமைன்னா எங்களுக்கு ஜும்மா. உன் மெஷினு நமாஸுக்கு நிக்குதோ என்னவோ” என்றார் அன்வரி பேகம்.

“எனக்கு வெள்ளிக்கிழமை கறி கிடையாதுக்கா. அதுக்காக லேப்டாப்பும் ஒருசந்தி இருக்கும்னு சொன்னா சாமியார்கூட நம்ப மாட்டாரு. அப்படியே இருந்தாலும் சனிக்கிழமை எதுக்கு நிக்குது?”

அன்வரி பேகம் சிரித்துக்கொண்டே கையை உதறிக்கொண்டார். எதற்கு உதறுகிறார் என்று ஃப்ளோரா கேட்டாள். “காலைல வாஷிங் மெஷின்ல துணி போடறப்போ விரல் நுனியெல்லாம் விறுவிறுன்னு இழுக்குது. எட்டு மாசமா இப்படித்தான். சுகரு நரம்புக்குப் போயிடுச்சு போல. அதுக்கும் சேத்து மாத்திரை முழுங்கிக்கினு கீறேன்” என்றார். ஃப்ளோரா அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் எல்லாருக்கும் ஏதாவது இழுக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏழே காலுக்குத் திரை நின்றது. திட்டிக்கொண்டே எழுந்து பால்கனிக்குப் போனாள் ஃப்ளோரா. மேல்மாடியிலிருந்து சீயக்காய் வாசனையும் அதன் பின்னாலேயே சாம்பிராணிப் புகையும் இறங்கி வந்தன. மேல்மாடி வீடு அம்பி சாருடையது. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், பதினோரு வருடமாகக் கட்டடச் சங்கத்தின் செயலாளர். வெள்ளிக்கிழமை அவர் மனைவி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். தலையில் துண்டு சுற்றிக்கொண்டு மாமி மொட்டை மாடிக்குப் போவதை ஃப்ளோரா வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை யார் என்று யோசித்தாள். சனிக்கிழமை அம்பி சார். நல்லெண்ணெய் மினுங்கும் தலையோடு பேப்பர் எடுக்கக் கீழே வருவார். இரண்டு பேருக்கும் அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். மற்ற நாட்களில் சாதாரணக் குளியல், சீக்கிரம் முடிந்துவிடும்.

ஃப்ளோரா உள்ளே ஓடி நோட்டைப் பார்த்தாள். பத்துப் பக்கமும் அம்பி சார் வீட்டுக் குளியல் கணக்காக இருந்தது.

அன்று மதியமே ராயப்பேட்டையிலிருந்து காதரை வரவழைத்தாள். அந்தச் சந்தில் எல்லா வீட்டுக்கும் எலக்ட்ரீஷியன் அவர்தான். ஃப்ளோராவின் அப்பா காலத்திலிருந்து வருகிறவர். விஷயத்தை முழுதாகக் கேட்டார், சிரிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை ஏழு மணிக்கே வந்து நின்றார். மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. டெஸ்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் மேலே இருக்கிற பெரிய துளையில், எர்த் துளையில், வைத்தார். டெஸ்டர் விளக்கு எரிந்தது.

“எரியக் கூடாதுமா இது” என்றார்.

பையிலிருந்து ஒரு இரண்டு பின் பிளக்கை எடுத்து, எர்த் படாமல் மானிட்டரை மாட்டினார். லேப்டாப் ஓடியது. அரைமணி நேரம் ஆயிற்று, நிற்கவில்லை. மேலே அம்பி சார் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்.

“அவ்ளோதாம்மா. எர்த் பின்ன நறுக்கி வுட்டுட்டா உன் வேல முட்ஞ்சுது. ஊர்ல பாதிப் பேரு அப்டித்தான் ஓட்டிக்கினு கீறான்.”

“அந்தக் கரண்ட் எங்கேர்ந்து வருது காதர்?”

“ஆறு வூட்டுக்கும் சேத்து ஒரே எர்த் ஒயருதான். எந்த மெஷின்ல லீக் ஆனாலும் அந்த ஒயரு வழியா மண்ணுக்குள்ள போயிடணும். மேல ஹீட்டரு லீக் ஆவுது. மண்ணுக்குப் போற வழி எங்கியோ அடைஞ்சு கீது. போக வழி இல்லாத கரண்ட்டு எல்லார் வூட்டு பிளக்குக்கும் வருது. உன் மானிட்டரு வழியா கேபிள்ல ஏறி லேப்டாப்ப நிறுத்துது.”

“எல்லார் வீட்டுக்குமா?”

“எர்த் பின் மாட்டுன எல்லாத்துக்கும். பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, இன்னா இருந்தாலும்.”

ஃப்ளோராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, எட்டு மாதமாக அந்த வாஷிங் மெஷினைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் அன்வரி பேகம். படியிறங்கி ஓடி, மெஷினைத் தொடாதே அக்கா என்று கையைப் பிடித்து இழுத்தாள். காதர் பின்னாலேயே வந்து மெஷினின் மேல் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. அன்வரி பேகம் தன் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ என் நரம்புல ஒண்ணும் இல்லியா? எட்டு மாசம் என் உடம்ப நானே திட்டிக்கினு இருந்தேன் ஃப்ளோரா” என்றார். குரலில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மூன்று பேருமாக மேலே போனார்கள். அம்பி சார் ஈரத் தலையோடு கதவைத் திறந்தார்.

“எங்காத்து ஹீட்டர் பன்னெண்டு வருஷமா ஓடிண்டிருக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை. உங்க லேப்டாப்புக்கும் நாங்க ஸ்நானம் பண்றதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கோ” என்றார்.

“சொல்ல மாட்டேன் சார், காட்டறேன்” என்றாள் ஃப்ளோரா. “நான் கீழ போய் மானிட்டர மூணு பின்னுல மாட்டிட்டு உக்காந்துக்கறேன். அக்கா படியில நிப்பாங்க. அவங்க சொல்றப்ப நீங்க ஹீட்டர் சுவிட்சப் போடுங்க.”

போட்டார். இரண்டு நிமிடத்தில் திரை நின்றது. ஹீட்டரை அணைத்து, லேப்டாப்பைத் திரும்பப் போட்டு, பத்து நிமிடம் ஓட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஹீட்டர், மறுபடி நின்றது. மூன்றாவது முறை அம்பி சாரே இறங்கி வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். மாமி மேலே சுவிட்சைப் போட்டாள். திரை நின்றதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“சரி, ஹீட்டர மாத்திடறேன். அதோட விஷயம் முடிஞ்சது இல்லையா?”

“எர்த் எங்க போச்சுன்னு பாக்கணும் சார். இன்னிக்கு உங்க ஹீட்டர், நாளைக்கு யார் வீட்டு மிக்ஸியோ” என்றாள் ஃப்ளோரா.

எர்த் குழி பின்பக்க முற்றத்தில் இருந்தது என்று காதர் சொன்னார். தரையில் வைத்த சின்ன இரும்பு மூடி. திறந்து அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால் மூடியைக் காணோம். போன ஜூன் மாதம் கார் நிறுத்த வசதியாக, சங்கத்தின் சார்பில் அம்பி சார்தான் முற்றம் முழுக்க சிமெண்ட் கல் பதிக்க வைத்திருந்தார். குழி அதற்கு அடியில் போய்விட்டது. அன்வரி பேகம் விரல்விட்டு மாதத்தை எண்ணினார், சரியாக இருந்தது.

“கல்லைப் பேக்கணும்னா மீட்டிங் போடணும்” என்றார் அம்பி சார். “பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுக்கணும். தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதணும். எடுத்தோம் கவிழ்த்தோம்னு பண்ணப்படாது.”

பதினைந்து நாளில் பிப்ரவரி முடிந்துவிடும். அதுவரை அன்வரி பேகம் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று யார் பக்கத்தில் நின்று சொல்வது? ஃப்ளோரா, குழியைத் திறக்கக் காதர் கொண்டுவந்திருந்த கடப்பாரையை வாங்கி, நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் ஓங்கி இறக்கினாள். கல் பெயரவில்லை. இரண்டாவது அடியில் ஓரம் உடைந்தது.

“என்ன பண்றேள் நீங்க?”

“மினிட்ஸ்ல எழுதிக்கோங்க சார். ஃப்ளோரா ஞானதாஸ், முதல் மாடி, யாரையும் கேக்காம தானே உடைச்சாங்கன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

நான்காவது கல்லுக்குக் காதர் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். ஒன்பதாவது கல்லுக்கு அடியில் மூடி கிடைத்தது. மண்ணுக்குள் இறங்கும் எர்த் குழாய் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. வீடுகளிலிருந்து வந்து அதில் சேர வேண்டிய கம்பி சேரவே இல்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கல் பதித்தவர்கள் அதை வெட்டி, சுருட்டி, மண்ணுக்குள் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். ஃப்ளோரா அதைப் படம் எடுத்தாள். அம்பி சார் குனிந்து அந்த வெட்டுப்பட்ட முனையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தான் நின்று பார்த்துச் செய்வித்த வேலை என்பதுதான் அவரைக் குத்தியது. பிறகு மேலே போய் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். காதர் கம்பியைச் சேர்த்து முறுக்கி, குழியில் ஈரம் நிற்க உப்பும் கரியும் போட்டார். அன்வரி பேகம் வாளியை அம்பி சார் கையிலிருந்து பிடுங்கித் தானே ஊற்றினார். ஏழு வாளியை அந்தக் குழி குடித்தது.

திங்கட்கிழமை காலையில் மானிட்டர் மூன்று பின்னோடு ஓடியது. அடுத்த வெள்ளியும் ஓடியது, சனியும் ஓடியது. ஃப்ளோரா நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்து, படங்களோடு ஷில்பாவுக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தாள்.

“சூப்பர் மேம். ஆனா ஒரு பிரச்சினை. புகார் டிக்கெட்ட மூடறப்ப காரணத்த ஒரு லிஸ்ட்லேர்ந்துதான் எடுக்கணும். யூசர் எரர், ஹார்டுவேர், சாஃப்ட்வேர், நெட்வொர்க். நாலுதான் இருக்கு. எர்த்னு ஒண்ணு இல்ல.”

“அப்போ லிஸ்ட் தப்பு. மாத்துங்க.”

“மேனேஜர்கிட்ட பேசிட்டேன் மேம். யூசர் எரர்னே இருக்கட்டும், ஆனா இந்த ஒரு வாட்டி மன்னிச்சு விட்டுடலாம், கான்ட்ராக்ட்ட புதுப்பிச்சுடலாம்னு சொல்லிட்டாரு.”

ஷில்பா இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். ஒரு வருட வேலை அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஃப்ளோரா சரி என்று சொல்லியிருக்கலாம்.

“மன்னிக்கறதுக்கு நான் என்ன பண்ணேன்?” என்றாள். “வீட்டு எர்த்துல கோளாறு. அதைக் கண்டுபிடிச்சதும் நான்தான். இடதுன்னு இருக்கற இடத்துல வலதுன்னு எழுதிட்டு மன்னிச்சுட்டேன்னு சொன்னா சரியாப் போயிடுமா? திருத்தச் சொல்லுங்க. மன்னிப்போட வர்ற கான்ட்ராக்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அதையே நான்கு வரியில் மேலாளருக்கும் அவருக்கு மேலிருப்பவருக்கும் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. பயமாகத்தான் இருந்தது; வீம்புக்கு வேலையை விட்டுவிட்டேனோ என்று பஸ்ஸில் போகும்போதும் மீன் வாங்கும்போதும் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இன்னொரு கடிதம் எழுதிக் கெஞ்சவில்லை.

இருபத்தெட்டாம் தேதி மதியம் ஒன்றேகாலுக்கு ஷில்பா கூப்பிட்டாள்.

“லிஸ்ட்ல அஞ்சாவது வந்துடுச்சு மேம். ‘வீட்டு மின் இணைப்பு, எர்த் கோளாறு’ன்னு போட்டிருக்காங்க. உங்க மூணு டிக்கெட்டையும் அதுக்கு மாத்தியாச்சு. கான்ட்ராக்ட் இன்னிக்கே மெயில்ல வரும்.”

ஃப்ளோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். ஷில்பா போனை வைக்காமலே இருந்தாள்.

“மேம், உங்களோடத மாத்தறப்ப பழசெல்லாம் தேடிப் பாத்தேன். இதே மாதிரி மானிட்டர மாட்டினா நிக்குதுன்னு இன்னும் நாலு பேர் சொல்லியிருக்காங்க. எல்லாமே யூசர் எரர். அதுல ஒருத்தங்க அசோக் நகர்ல இருக்காங்க, ஸ்வர்ணலதான்னு பேரு. மூணு ஆயிடுச்சு. இன்னியோட அவங்களுக்குக் கடைசி.” அவள் குரல் இறங்கியது. “மூணையும் நான்தான் மேம் மூடினேன்.”

“மேனேஜர்கிட்ட சொன்னியா?”

“ஆதாரம் கேக்கறாரு.”

“நம்பரச் சொல்லு.”

“ஸ்டாஃப் நம்பர வெளில குடுக்கக் கூடாது மேம்.”

“நீ குடுக்க வேணாம்மா. நீ பாட்டுக்குத் திரையப் பாத்துப் படி. நான் காதால கேட்டு எழுதிக்கறேன்.”

ஷில்பா படித்தாள், ஒவ்வோர் எண்ணாக, நிதானமாக.

ஸ்வர்ணலதா முதல் மணியிலேயே எடுத்தாள். சின்னக் குரல். யார், எதற்கு என்று ஃப்ளோரா சொல்லி முடிப்பதற்குள், “பரவால்லைங்க, என்மேலதான் தப்பு. எனக்கு அந்த ரெண்டு திரை சரியா வரல. எங்க வீட்லயும் அதான் சொல்றாங்க. ரெண்டரை மணிக்கு மெஷின எடுத்துட்டுப் போக ஆள் வராங்க, பேக் பண்ணிட்டிருக்கேன்” என்றாள்.

“மானிட்டர் ஓரத்துல கை வெச்சா சுர்ருன்னு இழுக்குமா?”

அந்தப் பக்கம் பெட்டியில் டேப் ஒட்டுகிற சத்தம் நின்றது.

“இழுக்கும்” என்றாள் ஸ்வர்ணலதா பிறகு. “எனக்கு மட்டுந்தான் அப்படித் தோணுதுன்னு நெனச்சேன்.”

“உன் அட்ரஸச் சொல்லிட்டுப் பெட்டியப் பிரி. எல்லாத்தையும் இருந்த மாதிரியே மாட்டு. ஆள் வந்தா குடுக்காதே, நான் வந்து பேசிக்கறேன்” என்றாள் ஃப்ளோரா. ஷிஃப்ட் முடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, டெஸ்டரோடு அசோக் நகர் வரச் சொல்லிக் காதருக்குப் போன் போட்டபடியே படியிறங்கினாள்.